கிளம்பச் சொன்னதும் கையில் எடுக்கும் பை: புயலிலும் வெள்ளத்திலும் கண்டவை

கடலூரிலிருந்து:

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோதும், 2015-இல் மாவட்டத்தின் பெரும்பகுதி தண்ணீரில் கிடந்தபோதும் நிவாரண முகாம்களில் பணி செய்தேன். ஓய்வுக்குப் பிறகு, 2024-இல் தென்பெண்ணை கரைபுரண்டபோது நானாகவே உதவிக்குப் போனேன். முகாமின் வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு காட்சி மட்டும் மறக்கவே மறக்காது. வந்து சேரும் ஒவ்வொரு குடும்பமும் எதைக் கையில் எடுத்து வந்திருக்கிறது, எதை விட்டுவிட்டு வந்திருக்கிறது என்பதே அது.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது. காற்று அடங்கியதும் ஆபத்து விலகிவிட்டது என்றுதான் ஆற்றங்கரை ஊர்களில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் அதே மழை மேற்கே நகர்ந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. தென்பெண்ணையின் மேற்பகுதியில் உள்ள சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. நாணமேடு, உச்சிமேடு பக்கத்து மக்கள் எங்கோ பெய்த மழைக்காக, தங்கள் ஊரில் வானம் வெளுத்திருந்த வேளையில், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அப்படிக் கிளம்பும்போது மனம் கண்ணுக்கு எதிரே இருப்பதைத்தான் எடுக்கும். மிக்ஸியைத் தூக்கி வந்தவர்கள் இருந்தார்கள். கொடியில் கிடந்த துணியை அப்படியே வாரிச் சுருட்டி வந்தவர்கள் இருந்தார்கள். அலமாரிக்குள் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்து வந்தவர்கள் மிகக் குறைவு.

ஒரு பாட்டி தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரைத் துண்டைக் காட்டினார். அட்டையில் இரண்டு மாத்திரைகள் மிச்சம் இருந்தன. மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையைத் தேவைக்கு ஏற்பக் கத்தரித்துத் தருவார்கள் அல்லவா, அப்படிக் கத்தரித்ததில் மருந்தின் பெயரும், அளவும், காலாவதித் தேதியும் இருந்த பகுதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. "வெள்ளையா, சின்னதா இருக்கும், காலையில ஒண்ணு" என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. ரத்த அழுத்தத்துக்கும், சர்க்கரைக்கும், தைராய்டுக்கும் வெள்ளையாக, சின்னதாக, காலையில் ஒன்று என்று போடும் மாத்திரைகள் எத்தனையோ உண்டு. முகாம் மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்து, முதலிலிருந்து விசாரித்துத்தான் மருந்து எழுத முடிந்தது.

அதனால் என் முதல் வேண்டுகோள் மருந்தைப் பற்றியது. தினமும் மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், குறைந்தது ஒரு வாரத்துக்குரிய மாத்திரையைப் பெயர் தெரியும்படி, வெட்டாத அட்டையாக வாங்கிப் பையில் வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும் குடும்பங்கள், புதிதாக வருவதைப் பையில் வைத்துவிட்டுப் பையில் இருந்ததை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினால், காலாவதி ஆகும் என்ற கவலையே இருக்காது. மருத்துவரின் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து, அதன் பின்புறத்தில் நோயாளியின் பெயர், வயது, ரத்த வகை, ஒவ்வாத மருந்து ஆகியவற்றைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வையுங்கள். கர்ப்பிணிகள் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) உள்ள தாய் சேய் நல அட்டையைக் கண்டிப்பாக உடன் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவமனையில் பிரசவம் ஆனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அடுத்தது, பையை யார் தூக்கப் போகிறார்கள் என்ற கேள்வி. இந்த விஷயத்தில் நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை பையை வீட்டு ஆணின் தோளுக்கு அளவெடுத்தே கட்டியிருந்தன. பகல் பதினொரு மணிக்கு ஊரைக் காலி செய்யச் சொன்னால், அவர் கடலிலோ, சிப்காட்டிலோ, வெளியூரிலோ இருப்பார். வீட்டில் இருப்பவள் ஒரு மருமகள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் மாமியாரின் கை. அவளால் முழங்கால் தண்ணீரில் எவ்வளவு சுமக்க முடியுமோ அவ்வளவுதான் பையின் எடை. சக்கரம் வைத்த பெட்டி தண்ணீரில் உதவாது. கைப்பை ஒரு கையை முடக்கிவிடும். இரண்டு தோளிலும் மாட்டும் பள்ளிப் பைதான் சிறந்தது. அரசு கொடுக்கும் விலையில்லாப் பள்ளிப் பையில் பழையது ஒன்று நம் பக்கத்து வீடுகளில் எப்படியும் கிடக்கும். அதன் உள்ளே கெட்டியான பாலித்தீன் உறையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டினால், தண்ணீரில் விழுந்தாலும் உள்ளே ஈரம் போகாது.

அப்படிக் கிளம்பிய, அல்லது கிளம்ப நேர்ந்தபோது தவித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் விரிவாக எழுதுங்கள். எதை எடுத்தீர்கள் என்பதைவிட, போன இடத்தில் எது இல்லாமல் துன்பப்பட்டீர்கள் என்பதுதான் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படும்.

முடிச்சூரிலிருந்து:

வணக்கம் அம்மா. நான் பத்திர எழுத்தர். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்து, அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் தரைத்தளம் முழுக மூழ்கியதை இங்கே இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, சேறு படிந்த காகிதக் கட்டுகளோடு என்னிடம் வந்தவர்களின் முகங்களை வைத்துத்தான் நான் இதை எழுதுகிறேன்.

ஒருவர் தம் தாய்ப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். எழுத்து அழியவில்லை, ஆனால் சார்பதிவாளர் முத்திரையின் ஊதா மை கரைந்து, எதிர்ப் பக்கத்தில் பூவாகப் பரவியிருந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துப் பார்க்கும் அவசரத்தில் நான்காவது பக்கத்தைக் கிழித்துவிட்டிருந்தார். நனைந்த பத்திரத்தை உடனே பிரிக்கக் கூடாது. தண்ணீர் வடியும்படி கட்டாகவே சாய்த்து வைத்து, ஓரளவு உலர்ந்தபின், எழுதாத வெள்ளைத் தாள்களை இடையிடையே கொடுத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் தாள் சுருண்டு நொறுங்கும். செய்தித்தாளை இடையில் வைத்தால் அதன் மை ஏறிவிடும். அன்று மாடிகளில் வீட்டுப் பத்திரத்தையும் மதிப்பெண் சான்றிதழையும் கல் வைத்து வெயிலில் விரித்திருந்த தெருக்களைக் கடந்து போகும்போது, ஒவ்வொரு வீட்டிலும் ஏறி இதைச் சொல்லிவிட்டு வரவேண்டும் போலிருந்தது. இயன்ற வீடுகளில் சொன்னேன்.

அந்த டிசம்பரிலேயே தமிழக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, வெள்ளத்தில் இழந்த சான்றுகளுக்குக் கட்டணமின்றி நகல் வழங்கியது. அதில் பலர் பயன்பெற்றார்கள். ஆனால் தம் பத்திரத்தின் எண்ணும், பதிவு செய்த ஆண்டும், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதும் தெரிந்தவர்களுக்கு ஒரு நாளில் முடிந்த வேலை, அது தெரியாதவர்களை மாதக்கணக்கில் அலைய வைத்தது. எனவே அவசரப் பையில் இருக்க வேண்டிய முதல் காகிதம், என் தொழில் அனுபவத்தில், எந்தச் சான்றின் அசலும் அன்று. எல்லாச் சான்றுகளின் எண்களையும் எழுதிய ஒரே ஒரு தாள்தான். பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், பட்டா எண், சர்வே எண், ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, காப்பீட்டுப் பாலிசி, சமையல் எரிவாயு இணைப்பு, வண்டியின் பதிவுப் புத்தகம், கடவுச்சீட்டு, பிள்ளைகளின் பத்தாம் வகுப்புப் பதிவெண் ஆகியவை அதில் இருந்தால், எதைத் தொலைத்தாலும் திரும்பப் பெற ஒரு நுனி கையில் இருக்கும். அந்தத் தாளின் பிரதி ஒன்றை வெளியூரில் உள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.

அசல்களை என்ன செய்வது என்று பலரும் கேட்பார்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று போன்றவற்றை இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றுக்காகப் பையில் இடம் ஒதுக்க வேண்டாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரில் சேமித்துவிட்டால் அவை அசலுக்கு இணையாகச் சட்டப்படி செல்லும். கிரயப் பத்திரத்தின் அசல் அப்படியன்று. சான்றிட்ட நகல் கிடைக்கும் என்றாலும், அசல் தொலைந்துவிட்டால் பிற்காலத்தில் வீட்டை விற்கவோ, அதன்மேல் கடன் வாங்கவோ போகும்போது, காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்று எனப் படிப்படியாக ஏற வேண்டியிருக்கும். ஆகவே அசல் பத்திரத்தையும் கல்விச் சான்றிதழ்களையும் ஒரு தட்டையான கோப்பில், இரட்டைப் பாலித்தீன் உறைக்குள், பைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கிளம்பும்போது பைக்குள் செருகிக்கொள்ளலாம். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே புகுந்துவிட்டால் பிரித்து உலர்த்தவே முடியாது. அத்துடன், வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போகும் இடத்தில் லேமினேட் செய்த சான்றிதழைத் திருப்பி அனுப்புவதுண்டு.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வாரத்தில் ஏ.டி.எம்.கள் இயங்கவில்லை, அட்டை தேய்க்கும் கருவிகள் இயங்கவில்லை, செல்பேசிக் கோபுரங்களும் அடங்கிவிட்டன. கையில் நோட்டு இருந்தவர்களுக்கும் சில்லறை கிடைக்கவில்லை. பால் பாக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி தர யாரிடமும் இல்லை. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக ஒரு தொகையைப் பையில் வைத்துவிடுங்கள். இப்போது கீரைக்கட்டுக்கும் செல்பேசியிலேயே பணம் அனுப்பும் பழக்கம் வந்துவிட்டதால், இந்த எச்சரிக்கை அன்றைவிட இன்று அதிகம் தேவைப்படுகிறது.

வேதாரண்யத்திலிருந்து:

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. முன்கூட்டியே 80,000-க்கும் மேற்பட்டோரை மாவட்டங்கள்தோறும் முகாம்களுக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். நாங்களும் பள்ளிக்கூட முகாமில் இருந்ததால் உயிர் பிழைத்தோம். ஒரு இரவு தங்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் எல்லோரும் மாற்றுத்துணி ஒன்றோடு வந்திருந்தார்கள். திரும்பிப் போனால் ஓடு இல்லை, தென்னை இல்லை, மின்கம்பம் இல்லை. சில ஊர்களுக்கு மின்சாரம் வரவே வாரக்கணக்கில் ஆயிற்று. ஆகையால் பையைக் கட்டும்போது முகாமில் கழியும் இரவை மட்டும் மனத்தில் வைக்காதீர்கள். கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பிய பிறகான நாட்களுக்கும் சேர்த்துக் கட்டுங்கள். எங்களுக்கு அப்போது பொன்னைவிடப் பெரிதாக இருந்தவை ஒரு தார்ப்பாய், பத்து முழம் நைலான் கயிறு, ஒரு கத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி. தீப்பெட்டியை மாத்திரை டப்பாவுக்குள் போட்டு மூடினால் நமுக்காது.

கடற்கரையில் வாழ்கிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புயலுக்கு நாள் கணக்கில் அவகாசம் உண்டு. கூண்டு ஏற்றுவார்கள், தண்டோரா போடுவார்கள், வானொலியில் சொல்வார்கள். ஆழிப்பேரலைக்கு அது கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ எந்தப் பையையும் தேடாமல், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள். வாசலுக்குப் பக்கத்தில், ஓடும்போதே கைக்கு எட்டும் இடத்தில் பை தொங்கினால் எடுங்கள். உள் அறையில் இருந்தால் விட்டுவிடுங்கள். என் வீட்டில் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பெரும்பாக்கத்திலிருந்து:

ஒரு ஐயம். நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளத்தில் இருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் மின்தூக்கி, மின்சாரம், குழாய்த் தண்ணீர் மூன்றும் நின்றுவிட்டதால், கைக்குழந்தையோடு படகில் வெளியேற வேண்டிவந்தது. படகில் ஏற்ற வந்த தீயணைப்பு வீரர்கள், ஆளுக்கு ஒரு சிறு பைக்கு மேல் அனுமதிக்கவில்லை. அது சரியான கட்டுப்பாடு என்பதைப் படகில் ஏறியதும் உணர்ந்தேன். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தைக்குரிய பொருட்களே பையின் பாதியை அடைத்துவிடுகின்றன. எதைக் குறைக்கலாம்?

கடலூரிலிருந்து:

தங்கச்சி, குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறாய் என்றால் உன் பையில் முதலில் இருக்க வேண்டியது உனக்கான தண்ணீரும் உணவும்தான். முகாமில் புட்டிப்பால் கொடுப்பதை நான் எப்போதும் அஞ்சுகிறேன். புட்டியைக் கொதிக்க வைக்க வழியில்லாத இடத்தில் அதுவே வயிற்றுப்போக்குக்குக் காரணமாகிவிடும். மாவுப்பால் கொடுத்தே ஆக வேண்டிய குழந்தைக்குப் புட்டிக்குப் பதிலாகப் பால் புகட்டும் பாலாடையோ, சிறு கிண்ணமும் கரண்டியுமோ வைத்துக்கொள், கழுவுவது எளிது. டயப்பர் இடத்தை அடைக்கும் என்பதால் இரண்டு மூன்று மட்டும் வைத்து, மீதிக்குப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்து வை. அந்தத் துணி துண்டாகவும், தூளியாகவும், கட்டுப்போடவும் உதவும்.

பெண்கள் எழுதத் தயங்குவதை நானே எழுதிவிடுகிறேன். முகாமில் என் காதோடு காதாகக் கேட்கப்பட்ட பொருள் எப்போதும் நாப்கின்தான். ஆண் அலுவலர்கள் நிற்கும் இடத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, நனைந்த புடவையின் ஓரத்தைக் கிழித்துப் பயன்படுத்திய பெண்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாக்கெட் நாப்கின், இரண்டு உள்ளாடை, கறுப்பு நிறப் பாலித்தீன் உறைகள் சில, ஒரு விசில். விசில் எதற்கென்றால், பள்ளிக்கூட முகாமின் கழிப்பறை பெரும்பாலும் கட்டடத்தின் பின்னால், விளக்கில்லாத மூலையில் இருக்கும். அத்துடன், நெற்றியில் மாட்டும் டார்ச் கையில் பிடிக்கும் டார்ச்சைவிடப் பன்மடங்கு உதவும். குழந்தையைத் தூக்கியவளுக்கு மூன்றாவது கை கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தமிழ்நாட்டு உறவுகள் மழையையும் புயலையும் பற்றி எழுதியிருப்பதை வாசித்தேன். எங்கள் தலைமுறைக்கு அவசரப் பையைக் கட்டப் பழக்கியது போர். 1995 ஒக்டோபர் 30 மாலை, யாழ்ப்பாண நகரமும் அடங்கிய வலிகாமத்தை விட்டு உடனடியாக வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில், கொட்டும் மழையில், செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி நடந்தது. ஒரு அடி வைத்து, பத்து நிமிடம் நின்று, மறுபடியும் ஒரு அடி வைத்துத்தான் தென்மராட்சியைச் சென்றடைந்தோம்.

எங்கள் அம்மா அதற்கு முன்பே ஒரு பையை ஆயத்தமாக வைத்திருந்தார். காணி உறுதி (நிலப் பத்திரம்), பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், எங்கள் பரீட்சைப் பெறுபேறுகள் அனைத்தையும் ஒரு பொலித்தீன் உறையில் இட்டு, அதை ஒரு துணிப்பைக்குள் வைத்து வாயைத் தைத்து, அந்தப் பையைத் தன் உடம்போடு குறுக்காகக் கட்டிக்கொண்டார். மற்றப் பொதிகள் சைக்கிளின் கைபிடியிலும் பின்னால் கரியரிலும் தொங்கின. வழியில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு நடக்க வேண்டி வந்தது. உடம்போடு கட்டிய பை மட்டும் கொடிகாமம் வரை வந்தது. சுமையை இரண்டாகப் பிரித்து வையுங்கள் என்பதை நான் அதனால்தான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். ஒன்று, எந்த நிலையிலும் உடம்பை விட்டுப் பிரியாத சிறிய பை. மற்றது, முடியாதபோது இறக்கி வைத்துவிட்டுப் போகக்கூடிய பெரிய பை. எது எதற்குள் என்பதை அமைதியாக இருக்கும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும். நெரிசலின் நடுவே பையைத் திறந்து தெரிவுசெய்ய ஒருவராலும் முடியாது.

அந்த நெரிசலில் பெற்றோரைத் தவறவிட்ட பிள்ளைகளின் அழுகுரல் இரவு முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா எங்கள் ஒவ்வொருவரின் சட்டையின் உட்புறத்திலும் பெயர், தகப்பன் பெயர், போய்ச் சேரவிருந்த உறவினரின் பெயரும் ஊரும் எழுதிய துணித்துண்டைத் தைத்திருந்தார். இன்றைக்குத் தொலைபேசி இலக்கத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். வயோதிபர்களுக்கும், குறிப்பாக ஞாபகமறதி உள்ளவர்களுக்கும், இதே ஏற்பாடு வேண்டும். கைத்தொலைபேசியில் இலக்கங்கள் இருக்கின்றனவே என்று எண்ண வேண்டாம். மின்னேற்ற வழியில்லாத நாளில் மகனின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களுக்குப் பற்றரி கிடைக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அதனால் இன்றும் என் பையில், கையால் சுற்றி மின்னேற்றும் சிறு வானொலி ஒன்று உண்டு.

உணவில் நாங்கள் நம்பியது பொரிவிளாங்காயும் பனங்கட்டியும். பொரிவிளாங்காய் கல்லைப் போல இறுகியிருக்கும். நாட்கணக்கில் கெடாது, ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டால் வெகுநேரம் பசி தெரியாது. இலங்கையில் இருப்பவர்கள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரலிலிருந்து:

யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன இரண்டு பை என்ற யோசனையை எங்கள் வீட்டிலும் பின்பற்றத் தொடங்கிவிட்டோம். நான் எழுத விரும்புவது இன்சுலினைப் பற்றி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் டிசம்பர் 19 வரை அங்கேயே இருந்தார்கள். தாமிரபரணி பெருகி ஏரல் தீவாகிவிட்டது. அப்பா நெடுங்காலமாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். பக்கத்துத் தெரு மாடி வீட்டுக்கு மாறியபோது, அம்மா குளிர்பெட்டியிலிருந்து இன்சுலினை எடுத்து ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுவந்தார். மின்சாரம் இல்லாததால் அந்த வீட்டுக் குளிர்பெட்டியும் வெறும் அலமாரியாகத்தான் நின்றது. மீன் பெட்டியில் இருந்த ஐஸ் கட்டிகளைக் கொடுத்து உதவ ஒருவர் முன்வந்தார். நல்ல வேளையாக, இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போய்விடும், ஐஸ் மேல் நேராக வைக்கவே கூடாது என்று அப்பாவின் மருத்துவர் முன்பே சொல்லிவைத்திருந்தது அம்மாவுக்கு நினைவில் இருந்தது.

அந்த வீட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் மண்பானை ஒன்று இருந்தது. அதில் கால்வாசி தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, டப்பாவை நீர் படாமல் கல்லின்மேல் வைத்து, வாயைத் துணியால் மூடி, பானையைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டிக் காற்றோட்டமான நிழலில் வைத்தோம். பானை கசிந்து கசிந்து உள்ளே குளிர்ச்சியை வைத்திருந்தது. திறந்த இன்சுலின் பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்திலேயே ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும் என்பதை மருத்துவர் பிறகு விளக்கினார். எந்த வகைக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வெள்ளம் வந்த நாளில் மின்சாரம் போன பதற்றத்தில் நல்ல மருந்தை வீணாகிவிட்டது என்று எறிந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் கிடந்து கெட்டதைப் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஆபத்து.

அப்பாவின் விஷயத்தில் மருந்தைவிட உணவுதான் எங்களை வாட்டியது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். ஹெலிகாப்டரில் போட்ட பொட்டலங்கள் எந்த நேரத்துக்குக் கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் இன்சுலின் போடுகிறவரின் பையில் குளுக்கோஸ் பாக்கெட், பிஸ்கட், அவல், பொட்டுக்கடலை ஆகியவை ஊசிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உணவு குறைந்தால் ஊசியின் அளவை எப்படி மாற்றுவது என்பதையும் மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். குளுக்கோமீட்டர் பட்டைகளின் குப்பியை இறுக்கி மூடுங்கள். ஈரக்காற்று பட்டால் அளவு தவறாகக் காட்டும்.

கடலூரிலிருந்து:

ஏரல் தம்பி அவலைச் சொன்னது நல்லதாயிற்று. முகாமில் அடுப்பு பற்றவைக்க நேரமாகும்; அரிசியும் ரவையும் பையில் இருந்து பயனில்லை. அவலுக்கு நெருப்பு வேண்டாம். தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் போதும், வெல்லத்தூளைக் கலந்தால் குழந்தையும் சாப்பிடும், பல் இல்லாத பாட்டியும் சாப்பிடுவார். கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் இடம் குறைவாக அடைத்து வலு அதிகம் தரும். ஊறுகாயும் உப்பேறிய மிக்சரும் தாகத்தைக் கிளப்பும் என்பதால் வேண்டாம். தண்ணீரை அதிகம் சுமக்க முடியாது. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலும், குளோரின் மாத்திரை அட்டை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய தண்ணீரை முதலில் பருத்தித் துணியில் வடிகட்டி, அட்டையில் சொன்ன அளவு மாத்திரை போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கைந்து கட்டாயம். அது தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது.

வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு. காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் முகாம் மருத்துவரிடம் காட்டித் தடுப்பு மாத்திரை தேவையா என்று கேளுங்கள். ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுவிடும். பின்பட்டை உள்ள செருப்பைப் பைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும் பெரியவர்களைப் பற்றித் தனியாக ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். அவர்களோடு வாதாடிப் பயனில்லை. மாட்டின் காதுவில்லை எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட்டால் அவர்கள் தாமாகவே எழுந்து வருவார்கள். கட்டிப்போட்ட மாடுதான் வெள்ளத்தில் சாகும். அவிழ்த்துவிட்டது பெரும்பாலும் நீந்திக் கரை சேரும். தாத்தாவின் பையில் அவருடைய கண்ணாடி, பல்செட், வெற்றிலைப் பொட்டலம் ஆகியவற்றை அவர் கண்ணெதிரே வைத்துக் காட்டினால், தம்மையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்ற நிறைவு அவருக்கு வரும்.

பையைக் கட்டி ஆணியில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பவர் பேங்க் தானாகவே சார்ஜ் இறங்கும். டார்ச்சுக்குள் கிடக்கும் பேட்டரி கசிந்து கருவியையே அரித்துவிடும் என்பதால் தனியே எடுத்து வைக்க வேண்டும். அவலில் வண்டு விழும். குழந்தையின் சட்டை சின்னதாகிவிடும். என் வீட்டில் ஆடிப்பெருக்கன்று ஒரு முறையும், தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது ஒரு முறையும் பையைக் கொட்டிப் பார்த்து மறுபடி அடுக்குவோம். தேதி குறித்து வைத்தால் தள்ளிப்போய்விடுகிறது. பண்டிகையோடு சேர்த்துவிட்டால் மறப்பதில்லை.

கிளம்பும் நேரத்தில் செய்ய வேண்டியவற்றைப் பையின் மேலேயே ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடு, மெயின் சுவிட்சை அணை, கதவைப் பூட்டிச் சாவியை எடு, எங்கே போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல். தரை நனைந்திருந்தால் மெயின் சுவிட்சைத் தொடாதே என்பதையும் அதில் சிவப்பு மையில் சேர்த்திருக்கிறேன். தாளின் அடியில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108 ஆகிய எண்கள் இருக்கின்றன. டி.என். அலர்ட் செயலியைச் செல்பேசியில் வைத்திருப்பவர்கள் உங்கள் ஊர் எச்சரிக்கையோடு, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அணைகளின் நீர்திறப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருங்கள். மலைப்பகுதியில் இருப்பவர்கள் யாரும் இதுவரை எழுதவில்லை. நீலகிரி, வால்பாறைப் பக்கம் நிலச்சரிவுக்கு அஞ்சி இரவில் வெளியேறியவர்கள் இருந்தால், குளிருக்கு என்ன எடுத்துப் போனீர்கள் என்பதையும், நடந்து இறங்கும் பாதையில் பையின் எடை எப்படி இருந்தது என்பதையும் அடுத்து எழுதுங்கள்.